பிரதி எடுத்து வைக்கும் ஊர்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டாங்கட்ட ஈழப் போர் மூண்ட கையோடு, லக்சபானா மின்நிலையத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெயும் பெற்றோலும் அரிய வஸ்துக்களாகிவிட, டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட சரக்குகளின் பட்டியலில் ஏறியது. இனி றேடியோ கேட்பது எப்படி என்ற கேள்விக்குக் குடாநாட்டார் கண்டுபிடித்த விடையை நேரில் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, பின்சில்லோடு உரசிக்கொண்டிருக்கும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து, றேடியோவின் பற்றரிப் பெட்டிக்குள் செருகுவார்கள். ஆறு வோல்ற் டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம். றேடியோ வேண்டுவதோ ஒரே திசையில் ஓடுவது. இரண்டையும் இணக்கிவைக்க நடுவிலே நான்கு டயோட்டுகளும் ஒரு கப்பாசிட்டரும் வேண்டும். அவை கடையில் கிடையாத காலமாகையால், பழுதாய்ப் போன வேறொரு றேடியோவின் வயிற்றைத் திறந்து எடுத்துக்கொள்வார்கள். பி.பி.சி. தமிழோசையில் ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரல் கணீரென்று வந்துகொண்டிருக்கையில், சுற்றுகிற பெடியனுக்குக் கை சோர்ந்தால் குரலும் தேய்ந்துபோகும். பாட்டுக் கசெற்றாயிருந்தாலோ, பாடகரின் சாரீரம் தடித்து இழுபட்டு, கேட்கிறவர்களுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒருங்கே வரும்.

கணினியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் சைக்கிள் டைனமோவில் தொடங்குவானேன் என்று வாசகர் கேட்கலாம். இன்று குடாநாட்டில் கணினியை உத்தியோகத்துக்காக அன்றி உல்லாசத்துக்காகத் தொடுகிறவர்கள் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். பாடசாலை ஆசிரியர், வங்கி எழுதுவினைஞர், பல்கலைக்கழக மாணவன், ஓய்வுபெற்ற தபாலதிபர் என்று பல தரத்தவர். கணினிப் பித்தர்கள் என்று அவர்களைச் சொன்னால் அதை அவர்கள் வசையாகக் கொள்வதில்லை. எந்திரத்தைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் இணையத்தில் கூடிக் கதைப்பதைப் பற்றியும் இவர்கள் அன்றாடம் உதிர்க்கும் அபிப்பிராயங்களைக் கூர்ந்து கேட்டால், கொழும்பிலோ சென்னையிலோ ரொறன்ரோவிலோ உள்ள இவர்களது சகபாடிகளின் அபிப்பிராயங்களோடு அவை பெரும்பாலும் ஒத்திருந்தபோதிலும், ஓரிடத்தில் மட்டும் பிடிவாதமாக விலகி நிற்பதைக் காணலாம். தன் கைவசம் இல்லாத பொருள் தன்னுடையதன்று என்பதே அந்த இடம். வயரும் டயோட்டும் தேடித் திரிந்த தலைமுறையின் மடியில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணத்தை எவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

எந்திரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ற் நிறுத்திக்கொண்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, அதற்கென்று விதித்த பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைப் புரொசெசரும் இல்லாத எந்திரத்தை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே நேற்றுவரை குறையொன்றுமின்றி ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள், ஒரு ஸ்குரூகூடக் கழலாத நிலையில், பழையனவாகிவிட்டன. பணமுள்ள தேசங்களில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தொட்டதைக் கண்டவர்களோ புதிய கணினி வாங்கும் யோசனையைச் சாவகாசமாகத்தான் செய்வார்கள். குடாநாட்டுப் பித்தர் ஒருவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால், பழைய மடிக்கணினிக்குள் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டி லினக்ஸைப் பதிந்துவிட்டால் இன்னும் ஐந்து வருஷம் தாராளமாக ஓடும் என்று அடித்துச் சொல்லுவார். சொல்லுவதோடு நில்லாமல் உங்கள் கணினியையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதில் சிறிது அபாயம் உண்டு, ஏனெனில் இத்தகையோரிடம் கொடுத்த கணினி திரும்பி வருவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆயினும் அவர்களுடைய கைத்திறனைக் குறைத்து மதிப்பதற்கில்லை. மூன்று பக்கமும் கடலும் ஒரு பக்கம் நீரேரியுமாயிருக்கிற இந்த நிலத்தில் காற்றே உப்புக் காற்று. இரும்பைத் தின்பது போலவே கணினியின் உள்ளுறுப்புகளையும் அது மெல்லத் தின்னும். திடீரென்று ஒருநாள் கணினி திரை வெளுக்காமல் பீப் பீப் என்று அலறத் தொடங்கினால், வீட்டுக்காரர் ஏதோ பெருஞ் செலவு வந்துவிட்டதென்று கலங்குவார். விஷயம் தெரிந்தவர் மூடியைக் கழற்றி, ராம் பலகையை இரு புறக் கொளுக்கிகளையும் தளர்த்தி உருவி எடுத்து, அதன் அடி விளிம்பிலே வரிசையாகப் பளபளக்கவேண்டிய பொன்முலாம் பற்கள் மங்கியிருப்பதைக் காட்டுவார். பிறகு வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து அழிறப்பரை வாங்கி, பற்களின் மேல் நோகாமல் தேய்த்து, உதிர்ந்த துகளைத் துணியால் தட்டிவிட்டு, இரண்டு கொளுக்கிகளும் டக்கென்று பூட்டும்வரை பலகையை அழுத்துவார். கணினி எழும்பிவிடும். இதற்கு அவர் கேட்கும் சன்மானம் பெரும்பாலும் ஒரு பிளேன்ரீ. புதிதாய் வரும் மடிக்கணினிகளில் ராமைத் தாய்ப்பலகையோடு ஒட்டியே வார்த்துவிடுகிறார்களே என்பது இவர்களுடைய தீராத மனக்குறை. திறக்க முடியாத பொருளை விற்பவன் அதை வாடகைக்குத்தான் தருகிறான் என்று ஒருவர் காரசாரமாக வாதித்ததைக் கேட்டிருக்கிறேன். அந்த வாதத்தை முழுவதும் மறுக்க என்னாலும் முடியவில்லை.

தரவைப் பற்றிய இவர்களுடைய எண்ணத்துக்கு இன்னும் ஆழமான வேர் உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு மறுபிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவராகிய தாவீது அடிகள் உயிர் நீத்தார். அச்சிட்ட நூலை வேறிடத்தில் தேடிப் பிடிக்கலாம். ஒரே ஒரு சுவடியாயிருந்தது ஒரே ஓர் இரவில் இல்லாமற்போனால் அதற்குப் பரிகாரமே கிடையாது. கணினி உலகத்தில் ஒரு பழைய விதியுண்டு: எதற்கும் மூன்று பிரதிகள் இருக்கவேண்டும், அவை இரண்டு வகை ஊடகங்களில் இருக்கவேண்டும், அவற்றில் ஒன்றாவது வெளியூரில் இருக்கவேண்டும். பிற இடங்களில் இதைப் பாடமாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில், வெளியூர்ப் பிரதிக்கு இடம் தேடி எவரும் அலைவதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒஸ்லோவிலோ பாரிஸிலோ ஸ்காபரோவிலோ ஓர் உடன்பிறப்பு இருக்கிறார். விடுமுறைக்கு வந்து திரும்புகிறவரின் பெட்டிக்குள் பனாட்டோடும் மிளகாய்த்தூளோடும் ஒரு வன்தட்டும் போய்ச் சேருகிறது.

எல்லாவற்றையும் மேகக் கணிமையில் போட்டுவிட்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆனால் 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அலைபேசிக் கோபுரத்துப் பற்றரிகள் சோர்ந்த இடங்களில் இணையமும் உடன் சோர்ந்தது. அதற்கடுத்த சில நாளில், ஏப்ரல் 3ஆந் திகதி, அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் செய்ததையே திரும்பவும் செய்தது. வி.பி.என். என்ற மூன்றெழுத்தை அதுவரை கேள்வியும் பட்டிராத பெரியவர்கள்கூட அந்நாட்களில் பேரப்பிள்ளைகளிடம் அதைக் கேட்டுப் போட்டுக்கொண்டார்கள். தூரத்திலுள்ள எவனோ ஒருவன் கதவைச் சாத்தினால் தன் வீட்டுப் படங்களைத் தானே பார்க்க முடியாது என்ற நிலையைச் சௌகரியம் என்று அழைக்கப் பித்தர்கள் சம்மதிப்பதில்லை.

பொழுதுபோக்கிலும் இதே கதைதான். எண்பதுகளில் கலியாண வீட்டிலோ வாசிகசாலை முற்றத்திலோ ரெலிவிசன், வீடியோக் கசெற்றை ஓட்டும் டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்குப் பிடித்து, விடிய விடிய நாலு படம் போடுவார்கள். மூன்றாவது படத்தில் பாதிச் சனம் பாயிலே நித்திரையாகிவிடும். நாலாவது படத்தின் முடிவைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் தீர்க்கமான அபிப்பிராயம் இராது. இன்று மாதச் சந்தா கட்டினால் ஆயிரம் படம் வீட்டுக்கு வருகிறது. ஆனால் போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இருப்பதில்லை, ஏன் போயிற்று என்று கேட்க ஆளுமில்லை. இந்தியத் தமிழ்ப் படங்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, எங்காவது அகப்படும். ஈழத்துத் தமிழ்ப் படங்களின் கதி அப்படியன்று. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்து வாழ்க்கையை வைத்து எடுத்த ‘பொன்மணி’ 1977இலும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ 1978இலும் வெளிவந்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த, படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது சுருள்களும் எரிந்தன. இத்தகைய படங்களின் மங்கிய வீடியோப் பிரதி ஒன்று எவருடைய வன்தட்டிலாவது இருந்தால், அவரைப் படத் திருடர் என்று ஏசுவதற்கு எனக்கு நா எழாது. புதுப்படத்தை வெளியான அன்றே களவாய் இறக்கிப் பார்க்கிறவரை நான் ஆதரிக்கவில்லை. இரண்டும் ஒரே குற்றமென்று சொல்லுகிற சட்டப் புத்தகத்தோடு சற்றே மாறுபடுகிறேன், அவ்வளவுதான்.

கைவசம் இருந்தாலும் வாசிக்க முடியாமற்போகிற விபரீதம் ஒன்றுண்டு. அது பாமினி எழுத்துருவினால் வந்தது. இலங்கையில் கணினித் தமிழின் முதற்காலம் முழுவதும் பாமினியின் ஆட்சியே நடந்தது. பத்திரிகை, பாடப்புத்தகம், கோயில் விஞ்ஞாபனம், கச்சேரிக் கடிதம் எல்லாம் அதில்தான் அச்சாயின. ஆங்கில எழுத்துகளின் ஆசனத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருப்பதே பாமினியின் உபாயம். ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் தட்டினால் திரையிலே ‘தமிழ்’ என்று தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியாகவே பல்லிளிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான இலக்கம் வழங்குகிற யுனிகோட் ஏற்பாட்டில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இலங்கைக்கும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமம் வந்தது. அப்படியிருந்தும் பாமினியில் தட்டிப் பழகிய விரல்கள் எளிதில் மாறவில்லை. ஜெர்மனியிலிருந்த சுரதா யாழ்வாணன் செய்து இலவசமாகக் கொடுத்த ‘பொங்குதமிழ்’ எழுத்துரு மாற்றி மட்டும் இல்லாதிருந்தால், இரண்டு தசாப்தத்துத் தட்டச்சு முழுவதையும் மறுபடி தட்டவேண்டியிருந்திருக்கும். ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்கு ஒரு சமூகத்துக்குச் செய்த உபகாரம் என்ற வகையில் அதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்று அகப்படவில்லை.

இனி, கூடிக் கதைக்கிற விஷயம். குடாநாட்டுக் கிராமம் ஒவ்வொன்றிலும் சனசமூக நிலையம் ஒன்றும் அதற்குள் வாசிகசாலையும் உண்டு. நீண்ட மேசையும் வாங்குகளும், மேசையின் மேல் அன்றைய பத்திரிகையும். ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். உள்ளே ‘அமைதி காக்கவும்’ என்று பலகை தொங்கும். அரசியல் தர்க்கமெல்லாம் வெளியே மதகில்தான். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோதும், அதற்கு முன்னும் பின்னும் கடல் கடந்து போனபோதும், அந்த வாங்கில் இருந்தவர்கள் உலகம் முழுவதும் சிதறினார்கள். இணையம் அவர்களைத் திரும்பக் கூட்டியது. ஆனால் மதகையும் வாசிகசாலையையும் அது ஒன்றாக்கிவிட்டது என்பது பித்தர்களின் முறைப்பாடு. ஊர் ஒன்றியத்து வைபர் குழுவிலே கோயில் திருவிழாக் கணக்கில் தொடங்குகிற சம்பாஷணை, பாட்டன் காலத்து வேலித் தகராற்றில் போய் முடிகிறது. 2019இல் யாழ். மாநகரில் புதிய விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்டபோது, அவை 5ஜி கதிரை வீசி மனிதரைக் கொல்லுமென்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, ஜனங்கள் தெருவுக்கு இறங்கினார்கள்; வானொலி அலையின் தன்மை அறிந்த பித்தர்கள் பலர் அன்று வாய் திறவாதிருந்தது அவர்களுடைய கீர்த்திக்கு அழகன்று. 2024இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின் மௌனத்துக்குப் புதிய காரணமும் கிடைத்திருக்கிறது.

இவ்வளவு இரைச்சலுக்குள்ளும், சகல தரத்தாரும் தவறாமல் வாசிக்கிற பக்கங்கள் எவை என்று கேட்டால், மரண அறிவித்தல்கள் என்று தயங்காமல் சொல்லலாம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன தேசத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கி, அன்னாரின் பாசமிகு மக்கள், மருமக்கள், மைத்துனர், சம்பந்திகள் என்று நீண்டு செல்கிற அந்த வாசகங்களில், புங்குடுதீவிலிருந்து பாரிஸ் வரையும் வல்வெட்டித்துறையிலிருந்து லண்டன் வரையும் பரந்த உறவுமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது. முன்னாளில் இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாய் வாசிக்க, வீடு முழுவதும் வேலையை விட்டுக் கேட்டது இதுவே. இதைப் பரிகசிக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். குடிசன வரலாறு எழுதப் புகுகிறவன் இதைவிட நல்ல ஆதாரத்தை எங்கே தேடுவான் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

இத்தகைய ஆதாரங்களைச் சேர்த்துவைக்கிற இடத்தில்தான் கதைக்கிற கூட்டத்துக்கும் செய்கிற கூட்டத்துக்கும் உள்ள பேதம் வெளிப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராயிருந்த இ. மயூரநாதன், 2003ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கினார். அன்று ஏறக்குறைய வெறும் கொட்டிலாய் இருந்தது, இன்று ஒன்றரை இலட்சம் கட்டுரைகளைக் கடந்துவிட்டது. கனடா இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. 2005இல் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோர் முன்னின்று தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகமோ, ஈழத்துத் தமிழில் அச்சான எதையும் தள்ளாமல் பக்கம் பக்கமாய்ப் படி எடுத்து எவரும் இலவசமாய் வாசிக்க வைத்திருக்கிறது. 1841இல் ‘உதயதாரகை’ப் பத்திரிகையைக் கண்ட ஊர், 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவிய ஊர், அச்சடித்ததற்குக் குறைவில்லை, சேர்த்துவைத்ததில்தான் குறை. நூலகத்தார் சேர்த்தவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தவை பெருநூல்கள் அல்ல, நினைவுமலர்கள். குடாநாட்டில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குச் சிறு புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். முன் பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், புலவர் ஒருவர் பாடிய கல்வெட்டுப் பாக்கள், வம்சாவளி, சில சமயம் ஊரின் சரித்திரம். வீட்டுக்கு வந்த கையோடு சாமியறைத் தட்டில் போடப்பட்டு, அடுத்த வெள்ளைபூச்சில் குப்பைக்குப் போகிற அந்த மெல்லிய புத்தகத்தில், எந்தக் குளத்தை யார் வெட்டினார், எந்தப் பாடசாலைக்கு யார் காணி கொடுத்தார் என்ற செய்தி வேறெங்கும் இல்லாதபடி கிடக்கும். சண்டையிட்டு இரவைக் கழிக்கிற முகநூல் குழுவினர் ஆளுக்கொரு மலரைப் படி எடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். விருப்பக்குறி நிறைய விழுந்தது, மலர் வரவில்லை.

இப்போது பித்தர்களுடைய மேசையில் குவிந்திருப்பவை வீடியோக் கசெற்றுகள். எண்பதுகளின் கலியாணம், சாமத்திய வீடு, பாடசாலை நாடகம், கோயில் தேர், எல்லாம் அவற்றுள் அடக்கம். டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியாகிய ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. உலகத்தில் இனி உள்ள டெக்குகள் தேயவேண்டியவையே அன்றி வளரவேண்டியவை அல்ல. நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தால் அது டெக்கின் தலையில் அப்பிக்கொண்டு படத்தைப் பனிமூட்டமாக்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த மெல்லிய தாளைத் தலையின் மேல் அசையாமல் பிடித்து, உருளையை விரலால் மெதுவாய்ச் சுழற்றித் துடைக்கவேண்டும். மேலும் கீழுமாய்த் தேய்த்தால் தலை முறிந்துவிடும். மூன்று மணித்தியாலக் கசெற்றைப் பிரதி செய்ய மூன்று மணித்தியாலமே செல்லும், குறுக்குவழி கிடையாது.

“தம்பி, உதுக்குள்ள அவற்றை குரல் கிடக்கு, எடுத்துத் தரேலுமோ?” என்று ஒரு வயோதிப மாது கேட்டால், “பாப்பம் அம்மா, வைச்சிட்டுப் போங்கோ” என்றுதான் எந்தப் பித்தரும் சொல்லுவார். இதற்குக் கூலி வாங்கலாமா என்பதில் அவர்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. தலை தேய்கிறது, கரண்ட் பில் ஏறுகிறது, சும்மா செய்தால் நாளைக்கு டெக் வாங்க யார் தருவார் என்று ஒரு சாரார். ஊர்ச் சொத்தைக் காப்பதற்கு ஊரிடமே கைநீட்டுவதா என்று மறுசாரார். நேரத்துக்குக் கூலி வேண்டாம், வன்தட்டுக்கும் தேய்மானத்துக்கும் வாங்கலாம், வீட்டாரும் சம்மதித்தால் ஒரு பிரதியை அவர்கள் பொதுச் சேகரத்துக்கு விட்டுப்போகட்டும் என்பது என் கட்சி. இரு சாராரும் இதை ஏற்கவில்லை. வாக்குவாதம் நடக்கிறது, அதற்கிடையில் கசெற்றுகளும் வந்துகொண்டிருக்கின்றன.